ராத்திரி மூணு மணிக்கு டூல் நின்றால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். பட்டறைக்காரர்களுக்கு மட்டும் மூச்சுவிட நேரமிருக்காது. சிங்கப்பூரில் ஒரு ஃபேபில், அதாவது சிப் செய்யும் தொழிற்சாலையில், 11 வருடம் ஷிஃப்ட் பராமரிப்பு டெக்னீசியனாக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன் நான். இப்போது ஐஸ் கம்பெனி கம்ப்ரசரும் படகு எஞ்சினும்தான் பிழைப்பு. டிப்ளமா முடித்த பையன்கள் பட்டறைக்கு வந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தபடியே கேட்பார்கள்: "அண்ணே, ஃபேபுக்குள்ள ராத்திரி ஷிஃப்ட்ல தனியா நிக்கணுமாமே. டூல் நின்னுட்டா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" முன்பு பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்புவார்கள். இப்போது குஜராத்தின் சானந்த், தொலேரா பெயர்களும் பேச்சில் வருகின்றன. சானந்தில் இருப்பவை சிப்பை அறுத்து, உறையிட்டு, சோதிக்கும் ஆலைகள். வேஃபரிலிருந்து, அதாவது சிப் உருவாக்கும் வட்டச் சிலிக்கான் வில்லையிலிருந்து, தொடங்கும் ஃபேப் தொலேராவுக்கு என்று திட்டமிட்டது. கீழே உள்ளது பெரும்பாலும் இரண்டாவது வகைக்குப் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஃபேபில் 'டூல்' என்றால் திருப்புளி இல்லை. பல கோடி ரூபாய் இயந்திரத்தைத்தான் அங்கே டூல் என்பார்கள். அது நின்றால் 'டூல் டவுன்'. அப்புறம் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கையை வைப்பதற்கு முன்

அலாரம் சொல்வது புகார் கொடுத்தவன் பெயரை. திருடன் பெயரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'அழுத்தம் அதிகம்' என்று அலாரம் வந்தால் அழுத்தமானி புகார் கொடுக்கிறது, அவ்வளவுதான். குற்றம் பம்பில் இருக்கலாம், வால்வில் இருக்கலாம், அந்த மானியிலேயே இருக்கலாம்.

ரீசெட் பொத்தானை அமுக்குவதற்கு முன் அலாரப் பட்டியலைக் கீழே வரை உருட்டி, நேரப்படி முதலில் வந்தது எது என்று பாருங்கள். ஒன்று விழுந்தால் அதைத் தொட்டு இருபது விழும். திரையில் மேலே தெரிவது கடைசியாக விழுந்தது. அதைத் துரத்திக்கொண்டு போனால் விடிந்துவிடும்.

பிறகு மூன்று கேள்வி. கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அதற்கப்புறம் யார் எதைத் தொட்டார்கள்? இந்த டூலில் மட்டுமா, பக்கத்து டூலிலும் உண்டா? மூன்றாவதைக் கேட்க மறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க டூலைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவன் நான். குளிர்நீர் வரத்தே அந்த வரிசை முழுக்கக் குறைந்திருந்தது. நாலு டூல் தள்ளி நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மின்சாரமும் வாயுவும் வரும் வழிக்குப் பூட்டுப் போட்டு, சீட்டுக் கட்டி, இரண்டும் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சிலேன் மாதிரி வாயு காற்றில் பட்டாலே தீப்பிடிக்கும். இதில் "அவசரம்ணே" என்ற பேச்சே கிடையாது.

அறிகுறி: சேம்பரில் வெற்றிடம் பாதியில் நிற்கிறது

சேம்பர் என்பது டூலுக்குள் வேஃபரை வைத்து வேலை செய்யும் மூடிய அறை. அழுத்தத்தை அங்கே டார் என்ற அலகில் அளப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 760 டார். அதிவேக டர்போ பம்ப் ஓடும் எட்ச் (வேஃபரை அரித்தெடுக்கும்) சேம்பரில் அது ஒரு டாரில் பத்து லட்சத்தில் சில பங்கு வரை இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் புதியவர் வாயில் வரும் முதல் சொல் 'லீக்'. பாதி நேரம் அது லீக்காக இருக்காது.

சேம்பரைச் சமீபத்தில் திறந்தார்களா என்று பாருங்கள். திறந்திருந்தால் காற்றிலிருந்த ஈரம் உள்சுவரில் ஒட்டியிருக்கும். கருவாடு அடுக்கி வைத்த அறையைக் காலி செய்து கழுவிவிட்டாலும் வாசம் நாள்கணக்கில் சுவரிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும் அல்லவா, அதே கதைதான். சேம்பர் சுவரைச் சூடாக்கி, நைட்ரஜன் ஊட்டி ஊட்டி உறிஞ்சினால் சில மணி நேரத்தில் வழிக்கு வரும்.

சந்தேகம் தீரவில்லையா? வாயுவை நிறுத்துங்கள், பம்புக்குப் போகும் வால்வை மூடுங்கள், நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். டூலே கணக்குப் போட்டு ஒரு எண்ணைத் தரும். இருந்தாலும் கையால் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு போடச் சொல்வேன். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் உண்மையான ஓட்டை. வெளியே 760 டார் சலிக்காமல் தள்ளிக்கொண்டிருக்கிறது, அது ஏன் ஓயப்போகிறது? கோடு முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து படுத்தால் ஈரம், அல்லது உள்ளேயே அடைபட்ட காற்று.

அடைபட்ட காற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு திருகாணி. அடி மூடிய துளையில் திருகாணியை முடுக்கினால் அதன் நுனிக்குக் கீழே துளி காற்று சிக்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் அது மரை வழியாக மணிக்கணக்கில் கசியும். அதனால்தான் சேம்பருக்குள் நடுவில் துளையிட்ட திருகாணி போடுவார்கள். பராமரிப்பு முடித்த யாரோ கைக்குக் கிடைத்த சாதாரணத் திருகாணியைப் போட்டிருப்பார். தலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கோடு நேராக இருந்தாலும் உடனே ஹீலியம் சிலிண்டரைத் தூக்காதீர்கள். வாயுக் குழாய்களின் கைவால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். ஒன்றை மூடியதும் ஏற்றம் நின்றால், காற்று வெளியிலிருந்து வரவில்லை, அந்த வாயுவின் வால்வு சரியாக அடைக்கவில்லை என்று பொருள்.

அதுவும் இல்லையென்றால் ஹீலியம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதன் தலைகீழ் இது. வெளியே ஹீலியம் ஊதுகிறோம், உள்ளே வருகிறதா என்று கருவி மோப்பம் பிடிக்கிறது. காற்றில் இயல்பாக ஹீலியம் பத்து லட்சத்தில் 5 பங்குதான். அதனால் கொஞ்சம் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். மேலிருந்து கீழே வர வேண்டும். ஹீலியம் எடை குறைந்தது, கீழே ஊதினால் மேலே ஏறி வேறு ஓட்டைக்குள் போய், நீங்கள் ஊதிய இடத்தின் மேல் பழி விழும். உதட்டில் பட்டால் லேசாகத் தெரிகிற அளவுக்கு ஊதினால் போதும். இன்னொன்று, ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் ஊதினால் மூடியிடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் உடம்பு வழியாகவே ஹீலியம் ஊடுருவும். முள் மெதுவாக ஏறும். ஓட்டையென்றால் சில நொடியில் துள்ளும்.

இந்த முறையெல்லாம் தெரிவதற்கு முன், என் இரண்டாம் வருடத்தில், ஒரு சேம்பருக்காக அழுத்தமானியை மாற்றினேன், வால்வை மாற்றினேன், இன்னொரு வால்வையும் மாற்றினேன். ஐந்து மணி நேரம். காலை ஷிஃப்டுக்கு வந்த ஒரு மலேசியத் தமிழ் அண்ணன் மூடி ஓ-ரிங்கைக் கழற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். குறுக்கே ஒரு நூலிழை. துடைக்கும் துணியிலிருந்து பிரிந்தது, கண் இமை முடி அளவுகூட இல்லை. ஓ-ரிங் அதன் மேல் படிந்து இரண்டு பக்கமும் மயிரிழைச் சந்து விட்டிருந்தது. அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் நாட்டுப்படகுக்காரர். "தண்ணி எந்த வழியா ஏறுதுன்னு பாக்காம பலகைய பூரா மாத்துனியாக்கும்?" என்றார்.

அறிகுறி: டிரை பம்பின் மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது

டிரை பம்ப் என்றால் உள்ளே எண்ணெய் இல்லாமல் உறிஞ்சும் வெற்றிடப் பம்ப். இவை டூல்கள் நிற்கும் சுத்த அறையில் இருக்காது, அதற்குக் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும். மேலே இருப்பவர்கள் அடிக்கடி மறந்துபோகும் இடம்.

சிலிக்கான் நைட்ரைடு படிய வைக்கும் சில முறைகளில் அம்மோனியம் குளோரைடு துணை விளைபொருளாக வரும். சூடாக இருக்கும்வரை ஆவி, குளிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. உப்பளத்தில் பாத்தி ஓரம் பூத்து நிற்குமே, குழாயைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். இது படியாமலிருக்கக் குழாய் மேல் சூடாக்கும் உறை சுற்றியிருப்பார்கள். ஒரு உறை செத்தால் அந்த ஒரு முழம்தான் குளிரும், அங்கேதான் அடைக்கும். ஆகவே பம்பைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியால் குழாய் நெடுக உறைகளைச் சோதியுங்கள். அப்புறம் பம்பின் நைட்ரஜன் ஓட்டம், குளிர்நீர், வெளியேற்றும் குழாயின் எதிரழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஏறிக்கொண்டிருக்கும் பம்பை 'நிறுத்திப் போட்டுப் பார்ப்போம்' என்று நிறுத்திவிடாதீர்கள். சூட்டில் இருக்கும்போது சுழலும் ரோட்டருக்கும் பம்பின் வெளிக்கூட்டுக்கும் நடுவே பொடி எப்படியோ இடம்விட்டுக் கொடுக்கும். ஆறியதும் சுருங்கும் இடைவெளியில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். திரும்ப ஓடாது. நம் பக்கத்திலும் சூடேறித் திணறும் எஞ்சினை நடுக்கடலில் அமத்த யோசிப்பார்கள். உள்ளே இருக்கும் வேஃபர்களை முடித்து வெளியே எடுங்கள், மாற்றுப் பம்ப் தயாரா என்று கேளுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். சூடு, சத்தம், புகை என்று ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இந்த விதி செல்லாது. அப்போது நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

கழற்றிய குழாய்க்குள் இருக்கும் பொடியைச் சாதாரணத் தூசி என்று நினைக்காதீர்கள். குளோரின் வாயு ஓடிய குழாயில் மிஞ்சியது காற்றின் ஈரம் பட்டாலே அமில ஆவியாகும். உரிய முகமூடி, கையுறை, முழுமையான நைட்ரஜன் கழுவல் இல்லாமல் திறக்கக் கூடாது.

அறிகுறி: ஆர்.எஃப். திறன் திரும்பி வருகிறது

பிளாஸ்மா என்பது மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயு. அதை மூட்டும் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை) மின்சாரம் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ். ஜெனரேட்டர் 50 ஓம் என்று நம்பி அனுப்பும். நடுவில் இருக்கும் மேட்ச் பெட்டி, பிளாஸ்மாவின் குணத்தை அந்த 50க்கு ஒத்துவரச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியதில் ஒரு பங்கு திரும்பி வரும்.

எப்போது திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. மூட்டும்போதே என்றால், வாயுவும் அழுத்தமும் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத விறகுக்குத் தீப்பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. நன்றாக மூட்டி, சில நிமிடம் கழித்து ஆடினால், சூடேறியதும் இளகும் இணைப்பு. கேபிள் முனை, செம்புப் பட்டைகளின் திருகாணி இவற்றில் நிறம் மாறியிருக்கும். நம் ஊரில் பேட்டரி முனையில் பச்சை பூத்தால் உப்புக்காற்று என்போம். ஃபேபில் அந்தச் சாக்குக்கு வழியில்லை, யாரோ முறுக்கு விசை குறைத்து முடுக்கியதுதான். ஜெனரேட்டரை அணைத்துப் பூட்டி, மின்தேக்கி வடிந்த பிறகே மேட்ச் பெட்டியைத் திறக்கலாம். ஆர்.எஃப். சுட்டால் மேல்தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும், காயம் உள்ளே ஆழத்தில் இருக்கும்.

அறிகுறி: வேஃபருக்கு அடியில் ஹீலியம் ஓட்டம் கூடுகிறது

வெற்றிடத்தில் சூட்டைக் கடத்தக் காற்றில்லை. அதனால் வேஃபரை மின்னூட்டத்தால் தட்டில் ஒட்டவைத்து, அடியில் சில டார் ஹீலியம் ஊட்டிக் குளிர்விக்கிறார்கள். ஓட்டம் கூடினால் வேஃபர் சரியாகப் படியவில்லை. பெட்டியில் 25 வேஃபர் இருக்கும். ஒன்றில் மட்டும் வந்தால் அதன் முதுகில் அழுக்கு. எல்லாவற்றிலும் வந்தால் தட்டின் மேல் துகள், அல்லது தட்டே தேய்ந்துவிட்டது. முன்னால் சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் சுலபம்.

அறிகுறி: ரோபோ வேஃபரைத் தவறாக வைக்கிறது

300 மில்லிமீட்டர் அகலம், 0.775 மில்லிமீட்டர் தடிமன். அப்பளத்தைக் கரண்டி நுனியில் தூக்கிக்கொண்டு ஓடுவது போல. இடம் விலகினால் எல்லோரும் உடனே ரோபோவுக்குப் புதிதாக இடம் கற்பிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். நேற்றுவரை சரியாக இருந்த இடம் தானாக நகராது. பெல்ட் தளர்ந்ததா, கைநுனியின் பட்டைகள் தேய்ந்தனவா, தூக்கும் ஊசிகள் ஒரே உயரத்தில் ஏறுகின்றனவா என்று பார்க்காமல் கற்பித்தால், பழுதையும் சேர்த்துக் கற்பித்ததாகிவிடும்.

அறிகுறி: துகள் எண்ணிக்கை எகிறுகிறது

துகள் வரைபடத்தை முதலில் பாருங்கள். ஓரத்தில் மூன்று இடத்தில் மட்டும் குவிந்திருந்தால் வேஃபரைப் பிடிக்கும் நகங்கள். நடுவில் கொத்தாக இருந்தால் மேலே வாயு வரும் தட்டு உதிர்க்கிறதா என்று பாருங்கள். வெறும் வேஃபரை வாயு மட்டும் ஓட்டி ஒரு முறை, ரோபோவை மட்டும் ஆட்டி ஒரு முறை, பிளாஸ்மாவோடு ஒரு முறை என்று அனுப்பினால் எந்தக் கட்டத்தில் துகள் சேர்கிறது என்று பிடிபட்டுவிடும்.

எதிலும் பிடிபடாவிட்டால் ஆளைப் பாருங்கள். உடுப்பின் கழுத்துப் பட்டன், கையுறைக்கும் கைப்பட்டைக்கும் நடுவே தெரியும் மணிக்கட்டு. எங்கள் இடத்தில் முகப் பவுடருக்குத் தடை. ராமேஸ்வரத்துப் பையன் ஒருவன் முதல் நாள் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, வாசலில் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னதும் மனசு ஒடிந்துவிட்டான். "சாமி கோவிச்சுக்காதுப்பா, சாம்பலும் துகள்தான்" என்று சமாதானம் சொன்னோம். அடுத்த நாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து பூசிக்கொண்டான்.

துகளைவிட மோசமானது உப்பு. துருவின் சங்கதி நமக்குத் தெரியும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் கடைசிவரை உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியே நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு அதனால்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும். சிப்புக்குள் உப்பு வேறு விதமாகக் கெடுக்கும். சோடியம் அயனி டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்சைடு படலத்துக்குள் புகுந்தால் மின்னழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப உள்ளே ஊர்ந்து திரியும். டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்க வேண்டுமோ அது இடம் மாறும். 1960களில் எம்.ஓ.எஸ். (MOS) வகை டிரான்சிஸ்டர்களை ஆட்டிவைத்த தலைவலி இதுதான். அந்த உப்பு கடலிலிருந்து வர வேண்டியதில்லை, நம் விரல் வியர்வையில் இருக்கிறது. சேம்பரின் உள்பாகத்தை வெறும் கையால் தொட்டால் அதைக் கழற்றித் திரும்பக் கழுவ அனுப்புங்கள். யாரும் பார்க்கவில்லை என்றாலும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் அலாரம்

மானி பொய் சொல்கிறது. சேம்பரை நன்றாக உறிஞ்சிவிட்டு, அழுத்தமானியின் பூச்சியம் பூச்சியத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வாயு அளவி வாயுவே ஓடாதபோது ஏதாவது எண் காட்டுகிறதா? பக்கத்துச் சேம்பரின் மானியைக் கொண்டுவந்து ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. பூச்சியத்தைத் திருத்தினால் எவ்வளவு திருத்தினோம் என்று எழுதிவையுங்கள். மாதாமாதம் ஒரே திசையில் நகர்ந்தால் மானிக்கு ஆயுள் முடிகிறது.

அறிகுறி: டெக்னீசியனுக்கே பழுது

ராத்திரி ஏழு முதல் காலை ஏழு. மூணு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கை வேலை செய்யும், தலை செய்யாது. ஒரு முறை எட்டுத் திருகாணியில் ஆறை அளந்து முடுக்கிவிட்டு, எட்டும் முடித்ததாக டிக் போட்டிருக்கிறேன். இரண்டு வெறும் கைமுறுக்கில் நின்றன. கண்டுபிடித்தது நானில்லை. அதிலிருந்து முடுக்கியதன் தலையில் மார்க்கரால் கோடு போட்டேன். கோடில்லாத திருகாணி கண்ணில் உறுத்தும்.

ஒரே பக்கத்தை மூணாம் தடவை படிக்கிறோம் என்று தெரிந்தால் பக்கத்துத் தளத்து ஆளைக் கூப்பிட்டு, பழுதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. சொல்லும்போதே பாதி நேரம் நமக்கே புரிந்துவிடும்.

தூக்கத்தை வீட்டாரிடம் பேசித்தான் வாங்க வேண்டும். அம்மாவுக்குக் காலை ஏழரை மணி, மீன் வாங்கி வந்து ஓய்வாக உட்கார்ந்து போன் போடும் நேரம். எனக்கு அங்கே பத்து, அப்போதுதான் கண் அசந்திருக்கும். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்கும் குரலிடம் எப்படிக் கோபப்படுவது? சாயங்காலம் நானே கூப்பிடுவேன் என்று பேசி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

காலையில் ஒப்படைக்கும்போது

பழுது தீராமல் விடிந்தால் அது அவமானமில்லை. என்ன பார்த்தோம் என்று எழுதாமல் போவதுதான் அவமானம். 'சேம்பர் பி, லீக், பார்க்கவும்' என்று எழுதினால் வருபவர் முதல் படியிலிருந்து தொடங்குவார். நான் எழுதும் மாதிரி இது:

"சேம்பர் பி. 2.40க்கு அழுத்த அலாரம், அதற்கு முன் வேறு அலாரம் இல்லை. நேற்றுப் பகலில் மூடி திறந்து பராமரிப்பு. அழுத்த ஏற்றம் 10 நிமிடம் பார்த்தேன், கோடு நேராக ஏறுகிறது, தாள் டூல் கதவில் ஒட்டியிருக்கிறது. வாயு வால்வுகள் எல்லாம் மூடிப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. ஹீலியம் மேல் மூடியும் இடப்பக்கமும் முடிந்தது, சுத்தம். வலப்பக்கமும் கீழும் பாக்கி. எதையும் மாற்றவில்லை. பூட்டு என் பெயரில் இருக்கிறது, நீங்கள் உங்கள் பூட்டைப் போட்டதும் சொல்லுங்கள், கழற்றிவிட்டுப் போகிறேன்."